பெயர்ச்சொல்லுக்கு ஒரு வால் உண்டு

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூலில் (தொடக்கப் பள்ளியில்) மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 24 பிள்ளைகள். ‘பெயரைக் குறிக்கும் சொல் பெயர்ச்சொல்’ என்று எல்லோரும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் பாடத்தில் பெயர்ச்சொற்களுக்கு அடியில் கோடு போடச் சொன்னால் ‘ஓடினான்’, ‘அழகான’ இரண்டுக்கும் கோடு விழுகிறது. ‘பசி’, ‘காலை’ விட்டுப்போகிறது. படம் ஒட்டினேன், விளையாட்டு வைத்தேன். அன்றைக்கு ஒரே கும்மாளம், அடுத்த வாரம் பழைய கதை. போதாததற்கு வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. தண்ணீரை ‘வெள்ளம்’ என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆறு வகையையும் இந்த வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் பிள்ளைகள் கவனக்குறைவாகக் கோடு போடவில்லை. நாம் கொடுத்த விளக்கத்தை நம்பித்தான் போட்டிருக்கிறார்கள். ‘பெயர்’ என்றதும் எட்டு வயதுப் பிள்ளைக்கு நினைவுக்கு வருவது ‘உன் பேரு என்ன?’ என்ற கேள்விதான். அதனால் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் உடனே சிக்கும்; மரம், பசி, காலை இவற்றுக்கு ‘பேரு’ இருப்பதாகவே தோன்றாது. கொஞ்சம் யோசிக்கிற பிள்ளை இன்னொரு பக்கம் போகும்: ‘ஓடுறதுக்குப் பேருதானே ஓடினான்?’ அந்தப் பிள்ளையின் தர்க்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலீஷ் வகுப்பில் தொங்கும் சார்ட்டில் ஆள், இடம், விலங்கு, பொருள் என்று நான்கே கட்டம். அதில் பசிக்கும் காலைக்கும் உட்கார இடமில்லை.

ஆகவே விளக்கத்தை மூன்று வாரத்துக்குப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். பிள்ளைகளிடம் அதைவிட நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது: காது. தமிழில் பெயர்ச்சொல் காலம் காட்டாது, வேற்றுமை உருபை (ஐ, கு மாதிரி ஒட்டுகளை) ஏற்கும். நன்னூல் பெயருக்குச் சொல்லும் அடையாளங்களில் இவை இரண்டும் உண்டு. பள்ளிக்கூடத்தையே பார்க்காத பிள்ளைகூட ‘பூனையை விரட்டு’, ‘கடைக்குப் போ’ என்று உருபைச் சரியாக ஒட்டித்தான் பேசுகிறது. அந்த உருபுக்கு வகுப்பில் ‘வால்’ என்று பெயர் வையுங்கள். எந்தச் சொல் வாலை வாங்கிக்கொள்கிறதோ அது பெயர்ச்சொல். உருபு, வேற்றுமை என்ற சொற்கள் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

எந்த வாக்கியத்தில் வைத்துச் சோதிப்பது என்பது முக்கியம். பலரும் ‘எனக்கு ____ வேண்டும்’ என்ற வாக்கியத்தைக் கொடுக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் அது ஓட்டைப் பானை. மலையாளத்தில் ‘எனிக்கு போகணம்’ என்பது சரியான வாக்கியம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை ‘எனக்குப் போகணும்’, ‘எனக்கு விளையாடணும்’ என்று தமிழிலும் இயல்பாகச் சொல்லும். வினையும் உள்ளே நுழைந்துவிடும். அதற்குப் பதிலாக ‘____ஐப் பற்றிச் சொல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கிளியைப் பற்றிச் சொல்’, ‘பசியைப் பற்றிச் சொல்’, ‘காலையைப் பற்றிச் சொல்’. எல்லாம் நிற்கிறது. ‘ஓடினானைப் பற்றிச் சொல்’ என்றதும் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புத்தான் நமக்கு வேண்டியது. எந்தச் சொல் பெயரில்லை என்று பிள்ளையின் காதே கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் நாள் ஒரு துணிப்பை கொண்டுபோங்கள். உள்ளே பத்துப் பொருள்: சாவி, பாக்கு, கூழாங்கல், சிரட்டை, நூல்கண்டு, சீப்பு, சின்ன மணி, பனங்கொட்டை, ஸ்பூன், எலுமிச்சை. குண்டூசி, பிளேடு, கண்ணாடி கூடாது. மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சின்னதும் வேண்டாம். ஒரு பிள்ளை பார்க்காமல் கையை விட்டு ஒன்றைப் பிடிக்கட்டும். பெயரை உடனே சொல்லவிடாதீர்கள். ‘எப்படி இருக்கு?’ என்று முதலில் கேளுங்கள். ‘சில்லுன்னு இருக்கு, நீளமா இருக்கு, ஓரம் பல்லு பல்லா இருக்கு’ என்று வரும். அவற்றைக் கரும்பலகையின் இடப் பக்கம் எழுதுங்கள். பிறகு ‘என்ன அது?’ ‘சாவி!’ அதை வலப் பக்கம் எழுதுங்கள். பத்துப் பொருளும் முடியும்போது பலகை தானாகவே இரண்டாகப் பிரிந்திருக்கும். இப்போது இரண்டு பக்கச் சொல்லுக்கும் வால் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘சாவியைப் பற்றி’ வரும். ‘நீளமாவைப் பற்றி’ வராது. ஒரு பீரியடில் இவ்வளவு போதும். எழுத்து வேலை எதுவும் தரவேண்டாம்.

ஏன் எழுத வேண்டாம் என்கிறேன் என்றால், வாயில் சரியாக வரும் வால் தாளில் தடுமாறும். மரம் ‘மரத்தை’ ஆகிறது, வீடு ‘வீட்டை’, ஆறு ‘ஆற்றை’. பேசும்போது பிள்ளை இதை ஒருநாளும் தப்பாகச் சொல்லாது. எழுதச் சொன்னால் ‘மரம்ஐ’, ‘வீடை’ என்று வரும். உடனே சிவப்பு மை, உடனே பயம். பெயர்ச்சொல் பாடம் எழுத்துப்பிழைப் பாடமாக மாறிவிடும். இரண்டாவது வாரம் எழுத ஆரம்பிக்கும்போதும் சொற்களை ஒரு வரிசையில் கொடுங்கள். முதலில் பால், மீன், தேன், கால் (வால் நேராக ஒட்டும்). அடுத்து கிளி, எலி, பூ, பசு (நடுவில் ய் அல்லது வ் வரும்). மூன்றாவதாக வீடு, மாடு, ஆறு, சோறு (ட், ற் இரட்டிக்கும்). கடைசியில் மரம், பழம், குளம். இந்த நான்கு கூட்டத்தையும் ஒரே நாளில் கலந்து வைத்தால் நிச்சயம் குழப்பம்தான்.

வாலிலும் இரண்டு கண்ணிவெடி உண்டு, முன்னாலேயே தெரிந்திருப்பது நல்லது.

‘அழகான’ என்ற சொல்லைச் சோதிக்கும்போது பிள்ளை தன்னை அறியாமலே ‘அழகானதைப் பற்றிச் சொல்’ என்று திருத்திச் சொல்லிவிடும். அதே மாதிரி ‘நல்ல’ என்பது ‘நல்லதை’ ஆகிவிடும். ‘இந்தா, நான் கொடுத்த சீட்டில் இருக்கிற சொல் அழகான. நீ ஒரு து சேர்த்து வேறே சொல் ஆக்கிட்டே’ என்று சீட்டைக் காட்டுங்கள். அழகானது, நல்லது என்பவை பெயராக நிற்கக்கூடிய சொற்களே. அதனால்தான் அவை வாலை வாங்குகின்றன. இதையெல்லாம் பிள்ளைக்கு விளக்கவேண்டியதில்லை. சீட்டில் உள்ளது மாறக்கூடாது என்ற விதி போதும். இந்தச் சிக்கல் தீரும்வரை மரம், பழம் மாதிரி ம் முடிவுச் சொற்களைத் தள்ளி வைத்ததற்கும் இதுவே காரணம்: ‘மரத்தை மட்டும் எப்படி த் வருது?’ என்று ஒரு சூட்டிகையான பிள்ளை கேட்கும்.

இரண்டாவது, ‘ஓடியது’, ‘வந்தது’ மாதிரி து முடிவு வினைகள். ‘நாய் ஓடியது’ என்றால் வினை. ‘நாய் ஓடியதைப் பார்த்தேன்’ என்றால் பெயர். பெரிய வகுப்பில் படிக்கவேண்டிய விஷயம் இது. உங்கள் சோதனைச் சீட்டில் வினைகளை ஓடினான், எழுதுகிறாள், குதித்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். து முடிவை மூன்றாம் வகுப்பில் சோதனைக்குக் கொண்டுவராதீர்கள்.

மூன்றாம் நாளுக்குக் கண்டக்டர் ஆட்டம். உங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போட்டால் பஸ் தயார். ஒரு பிள்ளை கண்டக்டர். தோளில் ஒரு பை, கையில் பழைய காலண்டர்த் தாளைக் கிழித்துச் செய்த டிக்கெட். ‘எங்கே போகணும்?’ என்று கண்டக்டர் கேட்பார். பயணி ஊர்ப் பெயரோடு ‘கு’ என்ற வாலையும் சேர்த்துச் சொன்னால்தான் டிக்கெட். ‘சித்தூருக்கு ஒண்ணு’, ‘பொள்ளாச்சிக்கு ரெண்டு’, ‘பாலக்காட்டுக்கு ஒண்ணு’, ‘வேலந்தாவளத்துக்கு ஒரு ஆஃப்’. காடு என்று முடியும் ஊர் ‘காட்டுக்கு’ ஆவதும், வளம் என்று முடியும் ஊர் ‘வளத்துக்கு’ ஆவதும் யாரும் சொல்லித்தராமலே வாயில் வரும். இரண்டாவது சுற்றில் பெரிய ஊர்கள் வேண்டாம், பக்கத்து இடங்கள் மட்டும்: கடைக்கு, வயலுக்கு, குளத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, ரேஷன் கடைக்கு. மூன்றாவது சுற்றில் நீங்களே பயணியாக ஏறி ‘அழகானக்கு ஒண்ணு கொடுங்க’ என்று கேளுங்கள். கண்டக்டர் டிக்கெட் தரமாட்டார். ‘ஏன் தரலை?’ என்று கேட்டு அவர் வாயாலேயே காரணத்தை வாங்குங்கள். ‘அப்படி ஒரு இடமே இல்லை’ என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், ‘சொல்லிப்பார், காதுக்கு எப்படி இருக்கு?’ என்று வாலுக்குத் திருப்புங்கள். ஒன்று கவனம்: உள்ளே, மேலே மாதிரிச் சொற்களை இந்த ஆட்டத்தில் விடாதீர்கள். பேச்சில் ‘உள்ளுக்கு’, ‘மேலுக்கு’ என்று அவையும் வாலை வாங்கிப் பிள்ளையைக் குழப்பும்.

24 பேர் ஒரே பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆறு ஆறு பேராக நான்கு பஸ். கண்டக்டரை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாயே திறக்காத பிள்ளையைக் கண்டக்டர் ஆக்குங்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் கூச்சம் சீக்கிரம் விட்டுப்போகும்.

அடுத்து, பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது. பலரும் செய்கிறார்கள், ஆனால் ஒட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். உண்மையான பாடம் ஒட்டிய பிறகுதான் தொடங்குகிறது. காலண்டர்த் தாளின் பின்பக்கத்தை ஒரு விரல் நீளம், இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, இருவருக்கு ஐந்து சீட்டு வீதம் கொடுங்கள். 15 நிமிடம் வெளியே. கண்ணில் படுவதை எழுதி ஒட்டட்டும். திரும்பிப் போய்ப் பார்த்தால் ‘மரம்’, ‘சுவர்’, ‘பைப்’ இருக்கும். கூடவே ‘பெரிய மரம்’, ‘தண்ணி வருது’, ‘உடைஞ்ச ஓடு’ என்றும் இருக்கும். தப்பு என்று கிழித்துப் போடாதீர்கள், நமக்குக் கிடைத்த புதையல் அது. கத்தரிக்கோலை எடுத்து ‘உடைஞ்ச’ தனியாக, ‘ஓடு’ தனியாக வெட்டுங்கள். இரண்டு துண்டையும் இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்து வால் ஒட்டச் சொல்லுங்கள்.

அந்த ‘ஓடு’ சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நில்லுங்கள். இந்தப் பாடத்தின் சாரமே அதில் இருக்கிறது. கூரையிலிருந்து விழுந்ததும் ஓடு. மழை வந்தால் ‘ஓடு!’ என்று கத்துவதும் ஓடு. எழுத்து ஒன்றே, ஒன்று பெயர், ஒன்று வினை. ‘கணவாய்க் காத்துக்கு ஓடு விழுந்துருச்சு’ என்ற வாக்கியத்தையும் ‘மழை வருது, ஓடு!’ என்ற வாக்கியத்தையும் பலகையில் எழுதி, எந்த ஓட்டுக்கு வால் ஒட்டும் என்று கேளுங்கள். கூரை ஓட்டுக்குத்தான் ஒட்டும். ஒட்டினால் என்ன கிடைக்கிறது? ‘ஓட்டை’! வகுப்பு மறுபடி சிரிக்கும், ஏனென்றால் ஓட்டை என்றால் துவாரம். ‘ஓட்டை மாத்தினாங்க’ என்றால் ஓட்டையும் போச்சு. ஒரு சொல் பெயரா இல்லையா என்பதை வாக்கியம்தான் சொல்லும் என்று எத்தனை முறை விளக்கினாலும் பதியாது. இந்த ஓடு ஒன்றே பதியவைத்துவிடும். இதே குடும்பத்தில் ஆடு, கல், படி, அடி, தை எல்லாம் உண்டு. ஒரு நாளைக்கு ஒன்று வீதம் காலையில் பலகையில் எழுதி வையுங்கள், இரண்டு வாக்கியம் அவர்களே கொண்டுவரட்டும். ‘ஆடு ஆடுது’ என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்.

இனி ஆறு வகை பற்றி. ஆறையும் ஒரே நாளில் பலகையில் எழுதாதீர்கள். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று வாய்ப்பாடாக ஒப்பிக்கவைத்தால், ‘பெயரைக் குறிக்கும் சொல்’ போன வழியேதான் அதுவும் போகும். மூன்றாம் வகுப்புக்குப் பொருள், இடம், சினை, காலம் நான்கும் போதும். குணமும் தொழிலும் ருசி காட்டினால் போதும், பெயரிட்டுப் பழக்குவது நான்காம் வகுப்பில்.

சினைப்பெயருக்கு மனித உடம்புப் படம்தான் எல்லா இடத்திலும் காட்டுகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நான் பசுவைச் சொல்வேன். சித்தூர் தாலுகாவில் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் நிச்சயம் இருக்கும். தரையில் சாக்பீஸால் ஆறடி நீளத்துக்கு ஒரு பசுவை வரையுங்கள். ஓவியம் அழகாக வரவேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் உறுப்பின் பெயர் எழுதிய சீட்டை அந்தந்த இடத்தில் வைக்கட்டும். கொம்பு, காது, மூக்கு, வால் எல்லோருக்கும் தெரியும். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை குளம்பு, மடி, காம்பு, கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடிவரை போகும். நாட்டு மாட்டுக்குத் திமில் உண்டு, கலப்பின மாட்டுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று அதுவே உங்களுக்குப் பாடம் எடுக்கும். எழுத்தில் பின்தங்கிய பிள்ளை அன்றைக்கு வகுப்பில் தலைவராக நிற்பதைப் பார்க்கலாம். அதற்காகவாவது பசுவை வரையுங்கள்.

சீட்டு வைக்கும்போது சிலர் பால், சாணி, கழுத்து மணி, மூக்கணாங்கயிறு எல்லாவற்றையும் கொண்டுவந்து வைப்பார்கள். நல்லது, தடுக்காதீர்கள். எல்லாம் வைத்து முடித்த பிறகு ‘பசுவோட உடம்பில் ஒட்டி வளர்ந்தது எது, நாம் கட்டினது எது, அதுகிட்டேயிருந்து வெளியே வந்தது எது?’ என்று கேட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். மடி, காம்பு, குளம்பு சினைப்பெயர். பால், சாணி, மணி, கயிறு பொருட்பெயர். எல்லாமே பெயர்ச்சொல்தான் என்பது மட்டும் மாறாது. வாலை ஒட்டிக் காட்டுங்கள். ‘செத்துப்போன மாட்டோட கொம்பு தனியாக் கிடந்தா?’ என்று ஒருவர் கேட்டால், கொம்பு என்ற சொல் ஒன்றன் உறுப்பைக் குறிக்கிறது, நாம் பிரிப்பது சொல்லைத்தான், கீழே கிடக்கும் பொருளை அல்ல என்று சொல்லுங்கள்.

காலப்பெயருக்கு எல்லைப் பிள்ளைகளிடம் இரட்டைச் சொத்து இருக்கிறது. ஆவணியும் தெரியும், சிங்கமும் தெரியும். ஆடியும் தெரியும், கர்க்கிடகமும் தெரியும். தினசரிக் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து மாதம், கிழமை, பொங்கல், ஓணம், காலை, சாயங்காலம் என்று சேர்த்துக்கொண்டே போங்கள். மலையாள மாதமான சிங்கம் ராசியின் பெயரால் வந்தது. ஆகவே தமிழில் எழுதும்போது அதே சொல் காட்டு விலங்குக்கும் பெயர், மாதத்துக்கும் பெயர். ‘சிங்கம் பிறந்தது’ என்றால் எது பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

குணப்பெயருக்கு நாக்கைவிட நல்ல ஆசான் இல்லை. புளி, உப்பு, வெல்லம், வேகவைத்த பாகற்காய் நான்கையும் ஆளுக்குப் பட்டாணி அளவு தட்டில் வையுங்கள். கை கழுவிய பிறகு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர். மிளகாய் வேண்டாம், கண்ணைக் கசக்கிவிடுவார்கள். எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று முந்தின நாளே வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். தின்றது புளி, நாக்கில் தெரிந்தது புளிப்பு. தின்றது பாகற்காய், தெரிந்தது கசப்பு. தின்றது வெல்லம், தெரிந்தது இனிப்பு. கையில் பிடிக்கமுடியாத ஒன்றுக்கும் பெயர் உண்டு என்பது இங்கேதான் புரியும். ‘கசப்பை’ என்று வாலும் வாங்குகிறது. ‘கசப்பான’ வாங்கவில்லை. தொழிற்பெயருக்கு இந்த வருடம் சிரி–சிரிப்பு, ஓடு–ஓட்டம், பாடு–பாட்டு, விளையாடு–விளையாட்டு என்ற ஜோடிகளை வாயில் பழக்கினால் போதும்.

இப்போது ‘வெள்ளம்’. இதைத் தப்பு என்று சொன்னால் அந்தப் பிள்ளை தன் வீட்டுப் பேச்சே தப்பு என்று எடுத்துக்கொண்டு வகுப்பில் வாயை மூடிக்கொள்ளும். பெயர்ச்சொல் பாடத்துக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. பின்சுவரில் ஒரு சார்ட்டை இரண்டு பத்தியாகப் பிரித்துத் தொங்கவிடுங்கள்: ‘மலையாளத்தில்’, ‘தமிழில்’. வெள்ளம் அங்கே குடிக்கிற தண்ணீர், இங்கே கரை புரண்டு வருவது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்ததை மலையாளத்தில் வெள்ளப்பொக்கம் என்பார்கள். பட்டி அங்கே நாய், இங்கே ஊர், மாட்டுத்தொழுவம். களி அங்கே விளையாட்டு, இங்கே ராகிக் களி. பள்ளி அங்கே மசூதி, தேவாலயம், இங்கே பள்ளிக்கூடம். பத்தியை நீங்கள் நிரப்பாதீர்கள். பிள்ளைகள் வீட்டில் கேட்டுத் தினம் ஒன்று கொண்டுவரட்டும். ஒரே சொல் இரண்டு மொழியில் இரண்டு பொருளுக்குப் பெயராக இருக்கமுடியும் என்று இந்த வயதிலேயே கண்ணால் பார்க்கும் வாய்ப்பு சென்னைப் பிள்ளைக்கு இல்லை. அதேபோல் பஸ், மொபைல், ஆட்டோ எல்லாம் பெயரா என்று கேட்பார்கள். பஸ்ஸை, மொபைலை, ஆட்டோவை. வால் ஒட்டுகிறதே!

சேர்த்துச் சொல்லவேண்டிய ஓர் ஆபத்து: தல, இல, மழ, வாழ என்று கேட்டுப் பழகிய பிள்ளை எழுத்திலும் ஐகாரத்தை விட்டுவிடும். வால் சோதனை இதற்கும் உதவும். ‘தலையை’, ‘இலையை’ என்று சொல்லும்போது ‘லை’ காதில் விழுகிறது. ‘கேட்டதை எழுது’ என்றால் போதும்.

இதைவிட எல்லைப் பிள்ளைகளிடம் ஆழமாக இருப்பது இன்னொன்று. நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவர்கள் கட்டுரை நோட்டைப் புரட்டினால் இருக்கும்: ‘மாமா வந்தது’, ‘பசு வந்தார்’. மலையாளத்தில் யார் வந்தாலும் ‘வந்நு’ என்ற ஒரே வினைதான். அம்மாவுக்கும் ஆட்டுக்கும் அதே சொல். தமிழில் பெயர்ச்சொல்தான் வினையின் முடிவைத் தீர்மானிக்கிறது. பெயரைக் கண்டுபிடிப்பதில் என்ன பயன் என்று பிள்ளை கேட்டால் இதுதான் பதில். இதற்கு நான்கு பேருக்கு ஒரு சீட்டுக்கட்டு செய்யுங்கள். பெயர்ச் சீட்டு பத்து: அத்தை, தாத்தா, தம்பி, பிள்ளைகள், பசு, பஸ், மழை, டீச்சர், காகம், ஓணம். வினைச் சீட்டு ஐந்து: வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது. வினைகள் நடுவில் மல்லாந்து கிடக்கட்டும். ஒருவர் பெயர்ச் சீட்டை எடுத்துப் பொருத்தமான வினைக்குப் பக்கத்தில் வைத்து முழு வாக்கியத்தையும் சொல்லவேண்டும். அத்தை வந்தாளா, வந்தாரா என்று சண்டை வரும். வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், இரண்டும் சரி. ‘வந்தன’ இப்போது வேண்டாம்.

விளையாட்டு அன்றோடு மறந்துபோவதற்குக் காரணம் விளையாட்டு அல்ல. மணி அடிக்கும்வரை ஆடிவிட்டு அப்படியே கலைந்துபோவதுதான். 40 நிமிடப் பீரியடில் ஆட்டம் 20 நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். கடைசி எட்டு நிமிடம் வகுப்பு அமைதியாக இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் அன்றைக்குத் தன் வாயில் வந்த மூன்று பெயர்ச்சொல்லைத் தன் நோட்டில் எழுதி, ஒன்றை மட்டும் வாலோடு ஒரு வாக்கியத்தில் வைக்கட்டும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால் பரவாயில்லை, ஆனால் வாக்கியம் வேறாக இருக்கவேண்டும். மறுநாள் தொடங்கும்போது யாராவது நான்கு பேரின் வரியைப் படித்துக்காட்டிவிட்டுப் புதிய வேலைக்குப் போங்கள்.

‘பெயர், ஊர், விலங்கு, பொருள்’ என்று கட்டம் போட்டு ஆடும் ஆட்டம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதில் விலங்கைத் தூக்கிவிட்டு உறுப்பு, நாள் என்று இரண்டு கட்டம் சேர்த்தால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு ஆச்சு. க, ச, த, ப, ம, வ எழுத்துகளை மட்டும் கொடுங்கள். ழ, ள, ற, ன, ண தமிழில் சொல்லின் முதலில் வராது. எழுத்துக்கு இரண்டு நிமிடம். தனித்தனியாக மார்க் போடாமல் இருவருக்குச் சேர்த்துப் போடுங்கள்.

மூன்று வாரம் கழித்து எழுதாமல், தனித்தனியாகக் கூப்பிட்டுச் சோதியுங்கள். இதுவரை வகுப்பில் வராத பத்துச் சொல்: மணல், குதித்தான், வாசம், உயரமான, கோபம், மெதுவாக, நகம், சமைக்கிறாள், மத்தியானம், வேகம். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். 24 பேருக்கு ஒரு பீரியட். எத்தனை சரி என்பதைவிட, ‘எப்படிக் கண்டுபிடிச்சே?’ என்று ஒரு கேள்வி கேட்டு அதற்கு வரும் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘வாலை ஒட்டிப் பார்த்தேன்’ என்று சொல்லிவிட்டு இரண்டு தப்பு விட்ட பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம், அதனிடம் கருவி இருக்கிறது. பத்தும் சரியாகச் சொல்லிவிட்டுக் காரணம் சொல்லத் தெரியாத பிள்ளையை இன்னும் இரண்டு நாள் கண்டக்டர் ஆக்குங்கள். வாசம், கோபம் இரண்டையும் விட்டுவிட்டால் கையில் பிடிக்கமுடியாத பெயர்களில் பலவீனம். புளி–புளிப்பு தட்டு மறுபடி வரவேண்டும். மெதுவாக, உயரமான இரண்டையும் பெயர் என்றால் துணிப்பைக்குத் திரும்புங்கள், பலகையை மறுபடி இரண்டாகப் பிரியுங்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் பீரோவைத் திறந்து, பூட்டிவைத்த அந்த ஒரு வரி விளக்கத்தை வெளியே எடுங்கள். அதற்கு முன்னால் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து, ‘பெயர்ச்சொல் என்றால் என்ன’ என்று அவர்களே ஒரு வரி எழுதிக்கொண்டு வரட்டும். ஆறு வரியையும் பலகையில் எழுதி, பக்கத்தில் புத்தகத்து வரியையும் எழுதி, எது ‘பசி’யைப் பிடிக்கிறது, எது ‘ஓடினா’னைத் தவறவிடாமல் வெளியே தள்ளுகிறது என்று அவர்களையே சோதிக்கச் சொல்லுங்கள்.